பதிவு வந்து சேரவில்லை என்றால் அது எங்கே நிற்கிறது? கூட்டிணைந்த சமூக வலைத்தளங்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

இலங்கையின் அம்பாறை நகரத்து உணவகம் ஒன்றில் உணவோடு கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்று எழுந்த வதந்தி, 2018 பெப்ரவரி இறுதியில் வன்முறையாக வெடித்தது. அடுத்த வாரம் கண்டிப் பக்கம் தீ பரவியபோது அரசு பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் நாடு முழுவதும் முடக்கியது. 2019 ஏப்ரலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்த பின்னரும் அதுவே நடந்தது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிப் போராட்டங்களின் நடுவே, மீண்டும் ஒரு முடக்கம். இவற்றையெல்லாம் கண்ட நம்மவர்கள், ஒரே நிறுவனத்தின் கையில் சிக்காத வலைத்தளம் வேண்டும் என்று பேசுவதில் வியப்பில்லை. அந்தப் பேச்சில் மாஸ்டொடன், லெம்மி, பிக்செல்ஃபெட் என்ற பெயர்கள் அடிபடுகின்றன. பலர் தனித்தனியே நடத்தும் சேர்வர்கள் ஒன்றோடொன்று பேசி இயங்கும் இவற்றைத்தான் கூட்டிணைந்த வலைத்தளங்கள் என்கிறோம்.

ஆனால் அவற்றைப் பற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் ஊன்றிவிட்டன. "ஆயிரம் சேர்வர்கள் இருப்பதால் அங்கே எதுவுமே தொலையாது" என்பது ஒன்று. அங்கே போய்ப் பார்த்து, நண்பரின் பதிவு தன் பக்கம் வராததைக் கண்டவர்கள் சொல்வது மற்றது: "அங்கேயும் தணிக்கைதான், வேண்டுமென்றே மறைக்கிறார்கள்." இரண்டும் பிழை. சேர்வர்களுக்கு இடையே செய்தி எப்படி நகர்கிறது என்று தெரியாததால்தான் இரண்டும் பிறக்கின்றன. நம் ஊரிலும் ஒரு தமிழ்ச் சேர்வர் இயங்க வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அதனால்தான் இதன் பலவீனங்களை மறைக்காமல் எழுதுகிறேன்.

## மரணச் செய்தி ஊர் ஊராகப் போகும் விதம்

களுவாஞ்சிக்குடியில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். உறவினர்கள் வாழைச்சேனையிலும் கல்லடியிலும் அக்கரைப்பற்றிலும் பொத்துவிலிலும் இருக்கிறார்கள். துக்க வீட்டார் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைக்க முடியாது. ஊருக்கு ஒருவரை அழைத்துச் சொல்கிறார்கள். அந்த ஊரில் சொல்ல வேண்டியவர்களுக்கு அவர் சொல்லிக்கொள்வார். இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. நடுவில் ஓர் அலுவலகம் தேவையில்லை. யாரும் அனுமதி கொடுக்க வேண்டியதில்லை.

சிக்கல்களும் இதே ஏற்பாட்டில்தான் இருக்கின்றன. பொத்துவில்காரரின் தொலைபேசி அணைந்திருந்தால் அந்த ஊருக்கே செய்தி போகாது. வீட்டார் திரும்பத் திரும்ப அழைப்பார்கள். எத்தனை முறை அழைப்பது, எப்போது விட்டுவிடுவது என்பது அவர்கள் கையில். கல்லடிக்காரர் "சரி, சொல்லிவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு வேறு வேலையில் மூழ்கியிருக்கலாம். வீட்டாரைப் பொறுத்தவரை கல்லடிக்குச் சொல்லியாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து மகன் வரத் தாமதமாவதால் அடக்கம் மறுநாளுக்குத் தள்ளிப்போகிறது. புதிய நேரம் இரண்டு ஊர்களுக்குப் போய்ச் சேர்கிறது, மூன்றாவது ஊர் பழைய நேரத்தையே நம்பிக்கொண்டு வாகனம் பிடிக்கிறது. துக்க வீட்டுக்கு யார் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பது அக்கரைப்பற்றில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. அதை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

இந்த ஐந்தும் கூட்டிணைந்த வலைத்தளங்களில் அப்படியே நடக்கின்றன.

## சேர்வர், கூட்டிணைப்பு, பெறும் பெட்டி

சேர்வர் என்பது எந்நேரமும் இணையத்தோடு இணைந்திருந்து, கேட்பவர்களுக்குத் தரவு கொடுக்கும் கணினி. பேஸ்புக்குக்கும் ஏராளமான சேர்வர்கள் உண்டு. ஆனால் அவை ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். ஒன்று பழுதானால் இன்னொன்றை அந்த இடத்தில் நிறுத்துவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். மாஸ்டொடனில் ஒரு சேர்வரை ஒரு பல்கலைக்கழகம் நடத்தலாம், ஒரு நண்பர் குழு நடத்தலாம், தனி ஒருவர் தன் சொந்தக் காசில் நடத்தலாம். இப்படித் தனித்தனிப் பொறுப்பில் இருக்கும் சேர்வர்கள் ஒரு பொது மொழியில் பேசிக்கொண்டு, பார்ப்பவருக்கு ஒரே வலைத்தளம் போலத் தோன்றுவதைத்தான் கூட்டிணைப்பு என்கிறோம்.

அந்தப் பொது மொழியின் பெயர் அக்டிவிட்டிபப். இணையத் தரநிலைகளை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018 ஜனவரியில் அதைத் தரநிலையாக அறிவித்தது. ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ 2016இல் தொடங்கிய மாஸ்டொடன், கலந்துரையாடலுக்கான லெம்மி, படங்களுக்கான பிக்செல்ஃபெட், காணொளிகளுக்கான பீர்டியூப் ஆகிய எல்லாம் இன்று இதே மொழியைப் பேசுகின்றன.

ஒரு பதிவின் பயணத்தைப் பார்ப்போம். கல்லடியில் இருக்கும் ஓர் ஆசிரியரின் கணக்கு ஜெர்மனியில் உள்ள ஒரு சேர்வரில் இருக்கிறது. அவரைப் பின்தொடரும் முந்நூறு பேர் நாற்பது சேர்வர்களில் சிதறியிருக்கிறார்கள். அவர் ஒரு பதிவு எழுதியதும் அது முதலில் அவருடைய சேர்வரில் சேமிக்கப்படுகிறது. இந்த இடத்தை வீட்டுச் சேர்வர் என்று அழைப்போம். மூலப் பதிவு இருப்பது இங்கே மட்டும்தான். பிறகு வீட்டுச் சேர்வர் பின்தொடர்பவர் பட்டியலைப் பார்த்து, அந்த நாற்பது சேர்வர்களுக்கும் ஒவ்வொன்றாகப் பதிவை அனுப்புகிறது. ஒவ்வொரு சேர்வரிலும் வெளியார் செய்தி போடுவதற்கென்று ஒரு முகவரி உண்டு. அதுதான் பெறும் பெட்டி. ஒரே சேர்வரில் ஐம்பது பின்தொடர்பவர்கள் இருந்தாலும், சேர்வருக்கு ஒரு பொதுப் பெட்டி இருப்பதால், ஒரு முறை போட்டால் போதும்.

பதிவைப் பெற்ற சேர்வர் தன்னிடம் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறது. டொரன்டோவில் இருக்கும் உறவினர் பார்ப்பது ஜெர்மனியில் உள்ள மூலத்தை அல்ல. தன்னுடைய சேர்வரில் கிடக்கும் பிரதியை. கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். இனி வரும் எல்லாச் சிக்கலும் மூலத்துக்கும் பிரதிக்கும் இடையே விழும் இடைவெளிதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மூலம் ஓரிடத்தில், பிரதிகள் பல இடங்களில். பிரதி எங்கே போக வேண்டும் என்பதைப் பின்தொடர்பவர் பட்டியல் தீர்மானிக்கிறது. எல்லாப் பிரதிகளையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் மையம் எதுவும் இல்லை.

## வரிசையும் மறுமுயற்சியும்

நாற்பது சேர்வர்களுக்கும் ஒரே நொடியில் அனுப்ப முடியாது. ஆகவே அனுப்ப வேண்டியவை ஒரு வரிசையில் நிற்கின்றன. வரிசை என்பது முடிக்க வேண்டிய வேலைகளின் பட்டியல். சேர்வர் தன்னால் இயன்ற வேகத்தில் அதை ஒவ்வொன்றாகத் தீர்க்கிறது. சாதாரண நாளில் இது சில நொடிகளில் முடிந்துவிடும்.

2022 ஒக்டோபர் இறுதியில் டுவிட்டர் ஈலோன் மஸ்கின் கைக்குப் போனது. அதை அடுத்த வாரங்களில் மாஸ்டொடனின் மாதாந்தப் பயனர் எண்ணிக்கை ஏறத்தாழ 3 இலட்சத்திலிருந்து 25 இலட்சத்துக்கு உயர்ந்ததாக அதன் நிறுவனம் அறிவித்தது. பல சேர்வர்களில் வரிசை நீண்டுகொண்டே போனது. காலையில் எழுதியது மாலையில் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவில் ஒரு வீட்டின் நிலவறையில் இயங்கிய ஹக்கிடெர்ம் என்ற சேர்வருக்கு ஒரு மாதத்துக்குள் 30,000 பேர் வந்து சேர்ந்தார்கள்; அங்கே வட்டுகள் தாக்குப்பிடிக்க முடியாமல் மந்தமானதும், வெளியில் இருந்தவர்களுக்கு அது "பதிவுகள் வரவில்லை" என்றே தெரிந்தது. வலையமைப்பில் கோளாறு என்று நாம் நினைப்பது பெரும்பாலும் எங்கோ ஒரு கணினி மூச்சு வாங்குவதாக இருக்கும்.

மறுமுனைச் சேர்வர் பதிலே சொல்லாவிட்டால்? அனுப்பும் சேர்வர் மறுபடி முயல்கிறது. முதலில் சில நொடிகள் கழித்து, பிறகு சில நிமிடங்கள், பிறகு மணிக்கணக்கு என்று இடைவெளி பெருகிக்கொண்டே போகும். விழுந்து கிடக்கும் சேர்வரை இடைவிடாமல் தட்டினால் அது எழுந்திருப்பதே கடினமாகிவிடும் என்பதால் இந்தப் பொறுமை. மாஸ்டொடன் ஒரு செய்தியை 16 முறை வரை மறுபடி அனுப்பிப் பார்க்கிறது. ஒரு சேர்வர் ஏழு வெவ்வேறு நாட்களில் தோல்வியே தந்தால், அதை எட்ட முடியாத சேர்வர் என்று குறித்துவைத்து அனுப்புவதையே நிறுத்திவிடுகிறது. அந்தச் சேர்வர் உயிர்பெற்றுத் தானாக ஏதாவது ஒரு செய்தி அனுப்பினால் குறி நீங்கும். இடைப்பட்ட நாட்களில் தவறியவை தவறியவைதான். அவை தாமாகத் திரும்ப வருவதில்லை.

இதை நம் நிலைமையில் பொருத்திப் பார்ப்பது நல்லது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தது. மட்டக்களப்பில் ஒருவர் வீட்டில் சேர்வர் நடத்தியிருந்தால், காலை எட்டு மணிக்கு அணைந்த சேர்வர் இரவு ஒன்பது மணிக்கு எழுந்திருக்கும். காலை ஒன்பது மணிக்கு வெளியூரில் எழுதப்பட்ட பதிவுக்கு அதற்குள் பல முயற்சிகள் தோற்று, இடைவெளி மணிக்கணக்கில் பெருகியிருக்கும். அடுத்த முயற்சி நள்ளிரவுக்குப் பிறகு வரலாம். இரவு 8.55க்கு எழுதப்பட்ட பதிவோ சில நிமிடங்களிலேயே மறுபடி முயலப்பட்டு உள்ளே வந்துவிடும். ஆகவே பிந்தியது முந்தி வருகிறது. சேர்வர் எழுந்த பின்னரும் காலைப் பதிவுகள் காணாமல் இருக்கின்றன. இதைப் பார்க்கும் ஒருவர், யாரோ தேர்ந்தெடுத்து மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படுவது இயல்பு. உண்மையில் நடந்தது வெறும் கடிகாரக் கணக்கு.

இன்னும் ஒரு நுட்பம். பெறும் பெட்டியில் செய்தி விழுந்ததும் மாஸ்டொடன் சேர்வர் கொடுக்கும் பதிலின் பொருள் "பெற்றுக்கொண்டேன், பிறகு பார்க்கிறேன்" என்பதுதான். செய்தி அங்கேயும் இன்னொரு வரிசையில் நிற்கப்போகிறது. அனுப்பியவர் பக்கத்தில் எல்லாம் முடிந்தது என்று பதிவாகிவிடும். மின்னஞ்சலில் கடிதம் போய்ச் சேராவிட்டால் "சேரவில்லை" என்று ஓர் அறிவிப்பாவது நமக்குத் திரும்பி வரும். இங்கே எழுதியவருக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. இந்த மௌனத்தைத்தான் இவ்வகை வலைத்தளங்களின் மிகப்பெரிய குறையாக நான் கருதுகிறேன். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்; தாமதம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் இருப்பதைப் பொறுப்பது கடினம்.

"பெற்றுக்கொண்டேன்" என்ற பதிலே வழியில் தொலைந்தால் அனுப்பும் சேர்வர் அதே செய்தியை மறுபடி அனுப்பும். ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாளம் இருப்பதால் பெறும் சேர்வர் இரண்டாவதைத் தள்ளிவிடும். ஒரே பதிவு இருமுறை தெரியாததற்கு இதுவே காரணம்.

## தூரமும் ஒரு காரணம்

ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறது. கேட்பதற்கு மிக வேகம். ஆனால் ஐரோப்பாவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குச் செய்தி போய், பதில் திரும்பி வர, நொடியில் கால்பங்குக்கு மேல் ஆகிவிடும். ஒரு பதிவுக்கு இது ஒன்றுமே இல்லை. இலட்சக்கணக்கான பதிவுகளுக்கு இதுவே கழுத்தை நெரிக்கும்.

லெம்மியில் இது வெளிப்படையாகவே நடந்தது. அதன் முந்தைய பதிப்புகள், ஒரு செய்தியை அனுப்பி, பதில் வந்த பிறகுதான் அடுத்ததை அனுப்பின. ஒழுங்கு மாறக்கூடாது என்ற நல்ல எண்ணத்தால். லெம்மி.வேர்ல்ட் என்ற மிகப்பெரிய சேர்வர் ஐரோப்பாவில் இருந்தது. 2024இல் அவுஸ்திரேலியச் சேர்வர் ஒன்று அதற்குப் பல நாட்கள் பின்தங்கி நின்றது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: ஒரு செய்திக்குப் போக வர 0.3 நொடி என்றால் நாளொன்றுக்கு அதிகபட்சம் 288,000 செய்திகள்தான் போகும். பெரிய சேர்வரில் நொடிக்கு நான்கு செய்திகள் உருவானால் நாளொன்றுக்கு 345,600. ஒவ்வொரு நாளும் 57,600 செய்திகள் மிஞ்சுகின்றன. எந்தக் கணினியும் பழுதாகவில்லை, எந்தக் கேபிளும் அறுந்துவிடவில்லை. ஆனாலும் வரிசை நாளுக்கு நாள் வளரும். பின்னர் வந்த பதிப்பில் பல செய்திகளை ஒரே நேரத்தில் அனுப்பும் வசதி சேர்க்கப்பட்ட பிறகே இதற்கு விடிவு வந்தது.

இலங்கையில் சேர்வர் வைக்க நினைப்பவர்களும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். நம் நாட்டுக்கு வரும் கடலடிக் கேபிள்கள் மேற்கு, தெற்குக் கரைகளில்தான் ஏறுகின்றன. வாகரையிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் செய்திகூட, சேர்வர் ஜெர்மனியில் இருந்தால், கொழும்பு வழியாகக் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது.

## பதில்கள் ஏன் காணாமல் போகின்றன?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது: "என் நண்பரின் பதிவுக்கு முப்பது பதில்கள் இருக்கின்றனவாம்; எனக்கு இரண்டுதான் தெரிகிறது." இங்கே எந்தச் சேர்வரும் விழவில்லை, எந்த வரிசையும் தேங்கவில்லை. அமைப்பே இப்படித்தான்.

கல்லடி ஆசிரியர் எழுதிய பதிவை அக்கரைப்பற்று மாணவி ஒருத்தி மறுபகிர்வு செய்கிறாள். அவளைப் பின்தொடரும் சம்மாந்துறை இளைஞன் அதைப் பார்க்கிறான். அவனுடைய சேர்வர் ஆசிரியரின் பதிவைப் பிரதி எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தச் சேர்வரில் ஆசிரியரைப் பின்தொடர்பவர் யாரும் இல்லை. இப்போது லண்டனில் ஒருவர் ஆசிரியருக்குப் பதில் எழுதுகிறார். அந்தப் பதில் ஆசிரியரின் சேர்வருக்குப் போகும். லண்டன்காரரைப் பின்தொடர்பவர்களின் சேர்வர்களுக்குப் போகும். சில மென்பொருள்களில் ஆசிரியரின் சேர்வர் அதை ஆசிரியரைப் பின்தொடர்பவர்களுக்கும் கடத்தும். சம்மாந்துறை இளைஞனின் சேர்வர் இந்தப் பட்டியல்கள் எதிலும் இல்லை. அங்கே அந்தப் பதில் வருவதற்கு வழியே கிடையாது.

விருப்பக் குறிகளின் எண்ணிக்கையும் இவ்வாறே. உங்கள் சேர்வர் தன் காதுக்கு எட்டியவற்றை மட்டும் எண்ணுகிறது. ஒருவரைப் புதிதாகப் பின்தொடரும்போது அவருடைய பழைய பதிவுகள் வெறுமையாகத் தெரிவதும் இதனால்தான். பின்தொடரத் தொடங்கிய பிறகு எழுதப்பட்டவையே அனுப்பப்படுகின்றன.

இதன் விளைவு சிறியதல்ல. முப்பது பேர் ஏற்கெனவே சொல்லிவிட்ட திருத்தத்தை முப்பத்தோராவது ஆளாக ஒருவர் போய்ச் சொல்கிறார். அவருடைய திரையில் யாரும் சொல்லவில்லை. வதந்தி ஒன்றுக்குக் கீழே "இது பொய்" என்று எழுதப்பட்ட பதில் வதந்தியோடு சேர்ந்து பயணிப்பதில்லை. அம்பாறையில் 2018இல் ஒரு வதந்தி என்ன செய்தது என்று கண்ட நாம் இந்த ஒரு குறையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. மாஸ்டொடனின் அண்மைப் பதிப்புகள், ஒரு பதிவைத் திறக்கும்போது விடுபட்ட பதில்களை மூலத்திலிருந்து தேடி எடுத்துவர முயல்கின்றன. எல்லாச் சேர்வர்களும் அந்தப் பதிப்புக்கு மாறியிருப்பதில்லை.

## திருத்தமும் நீக்கமும்

பதிவை நீக்கினால் அது எல்லா இடத்திலும் மறைந்துவிடும் என்று நினைக்கிறோம். நீக்குதல் என்பது உண்மையில் இன்னொரு செய்தி: "நான் முன்பு அனுப்பியதை அழித்துவிடு" என்ற வேண்டுகோள். அதுவும் அதே வரிசையில் நிற்கிறது, அதே மறுமுயற்சிக்கு உட்படுகிறது, அதேபோலத் தவறியும் போகலாம். ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள் வேண்டுகோளை ஏற்று அழித்துவிடும். ஏற்கத்தான் வேண்டும் என்று எந்தச் சேர்வரையும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அத்துடன், மறுபகிர்வு வழியாகப் போன பிரதிகள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று வீட்டுச் சேர்வருக்கே முழுமையாகத் தெரியாது.

மாரி வெள்ளக் காலத்தை எண்ணிப் பாருங்கள். "கிரான் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்கிறது, யாரும் போக வேண்டாம்" என்று ஒருவர் எழுதுகிறார். நீர் வடிந்ததும் பதிவைத் திருத்தி, "இப்போது போகலாம்" என்கிறார். மறுநாள் மழை திரும்பி நீர் ஏறுகிறது, மறுபடி திருத்துகிறார். மூன்று நிலைகளில் எந்த நிலை எந்தச் சேர்வரில் உறைந்து நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவசரத் தகவலுக்கு ஒரே பதிவைத் திருத்திக்கொண்டிருப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒவ்வொரு நிலைக்கும் புதிய பதிவு எழுத வேண்டும். பதிவின் உள்ளேயே திகதியையும் நேரத்தையும் எழுத வேண்டும். அப்போது பிந்தி வந்த பழைய செய்தியும் தான் பழையது என்று தானே சொல்லிவிடும்.

பல பிரதிகள் உள்ள அமைப்புகளில் "கொஞ்சம் பொறுத்தால் எல்லாப் பிரதிகளும் ஒன்றாகிவிடும்" என்ற உறுதியை இறுதி ஒத்திசைவு என்பார்கள். கூட்டிணைந்த வலைத்தளங்களையும் அப்படி வருணிப்பவர்கள் உண்டு. அது மிகையான பாராட்டு. மறுமுயற்சி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். நின்ற பிறகு அந்தப் பிரதிகள் ஒருபோதும் ஒன்றாகாமலே போகலாம்.

சுருக்கமாக: தாமதம், ஒழுங்கு மாற்றம், ஒரேயடியாகத் தவறுதல், அனுப்பவே படாதிருத்தல் என்ற நான்கும் வெவ்வேறு. திரையில் நான்கும் "காணவில்லை" என்ற ஒரே தோற்றத்தில் தெரிகின்றன. இவற்றுக்கு வெளியே, ஒரு சேர்வரின் நிர்வாகி இன்னொரு சேர்வரை வேண்டுமென்றே துண்டிப்பதும் உண்டு. பல சேர்வர்கள் தாம் துண்டித்தவற்றின் பட்டியலைத் தம் அறிமுகப் பக்கத்தில் வெளியிடுகின்றன. தணிக்கை என்று சொல்வதற்கு முன் அதைப் பார்த்துவிடலாம்.

## கையொப்பமும் கடிகாரமும்

பெறும் பெட்டி எல்லோருக்கும் திறந்திருப்பதால், வேறொருவர் பெயரில் பொய்ச் செய்தி போடுவதைத் தடுக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு செய்தியும் மின்கையொப்பத்தோடு போகிறது. மின்கையொப்பம் என்பது, அனுப்புபவரிடம் மட்டும் உள்ள இரகசியச் சாவியால் உருவாக்கப்பட்டு, எல்லோருக்கும் தெரிந்த பொதுச் சாவியால் சரிபார்க்கப்படும் எண் முத்திரை. அதில் நேரமும் அடங்கியிருக்கிறது. சேர்வரின் கடிகாரம் அளவுக்கு மீறி முந்தியோ பிந்தியோ ஓடினால், அதன் செய்திகளை மற்றச் சேர்வர்கள் நிராகரித்துவிடும். உள்ளே எல்லாம் சரியாக இருக்கும். வெளியே ஒன்றுமே போகாது. இணைய நேரச் சேவையோடு கடிகாரத்தை இணைத்துவைத்தால் தீரும் பிரச்சினை இது.

## சேர்வர் இறந்தால்

"எதுவும் தொலையாது" என்ற நம்பிக்கை இங்கேதான் முற்றாக உடைகிறது. வலையமைப்பு பிழைத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஒரு சேர்வர் போனால் மற்றவை தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தச் சேர்வரில் கணக்கு வைத்திருந்தவர் பிழைப்பதில்லை. அவருடைய மூலப் பதிவுகளும் பின்தொடர்பவர் பட்டியலும் இரகசியச் சாவியும் அங்கே மட்டும்தான் இருந்தன.

கணினி பழுதாவது மட்டும் காரணமாக இருக்காது. 2023இல் மாலி நாடு தன் '.எம்எல்' இணையப் பெயர்களின் பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது, அந்தப் பெயரில் இயங்கிய லெம்மி சேர்வர் ஒன்று தன் முகவரியையே இழந்தது. 2024இல் '.ஏஎஃப்' என்ற ஆப்கானிஸ்தான் முகவரியில் இருந்த மாஸ்டொடன் சேர்வர் ஒன்றுக்குத் தலிபான் அரசின் கீழ் அதே கதி நேர்ந்தது. இரண்டு இடத்திலும் கணினியும் தரவும் பத்திரமாக இருந்தன; பெயர்தான் போனது. கூட்டிணைப்பில் ஒரு கணக்கின் அடையாளமே சேர்வரின் பெயரோடு ஒட்டியிருப்பதால், பெயர் போனால் எல்லாம் போன மாதிரிதான். அரச முடக்கத்துக்கு அஞ்சி இங்கே வருபவர்கள் இதையும் அறிந்திருக்க வேண்டும். இலங்கையில் ஒரு சேர்வரின் பெயரை முடக்க அரசால் முடியும். எல்லாச் சேர்வர்களையும் தேடித் தேடி முடக்குவதுதான் கடினம்.

## பயன்படுத்துபவருக்கும் நடத்துபவருக்கும்

ஒரு பதிவோ பதிலோ காணவில்லை என்று தோன்றினால் முதல் வேலை, எழுதியவரின் வீட்டுச் சேர்வரில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது. பெரும்பாலான செயலிகளில் மூலப் பக்கத்தைத் திறக்க ஒரு தெரிவு இருக்கும். அங்கே இருந்தால், அதன் முகவரியைப் பிரதி எடுத்து உங்கள் சேர்வரின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். மாஸ்டொடன் உடனே போய் அதை எடுத்துவரும். முக்கியமான செய்தி என்றால் பதிலை எதிர்பார்த்துக் கேளுங்கள்: "கிடைத்ததா?" என்ற கேள்விக்கு மறுமொழி வந்தால் மட்டுமே கிடைத்தது என்று பொருள்.

கணக்கை வேறு சேர்வருக்கு மாற்றும் வசதி மாஸ்டொடனில் உண்டு. அது பின்தொடர்பவர்களை அழைத்துச் செல்லும். பழைய பதிவுகளை எடுத்துச் செல்லாது. பழைய சேர்வர் உயிரோடு இருக்கும்போதுதான் அது நடக்கும் என்பதைப் பலர் காலம் கடந்தே அறிகிறார்கள். ஆகவே தரவின் பிரதியை அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ சேர்வர் தொடங்க நினைப்பவர்களுக்கு என் கருத்து இது: கணினியை வீட்டில் வைக்க வேண்டாம், மின்சாரமும் இணைப்பும் அறாத தரவு மையத்தில் இடம் வாடகைக்கு எடுங்கள். நிர்வாகம் நம் ஊரில் இருந்தால் போதும். நிலையான பெயரைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மாற்ற முடியாது. பெயரைப் புதுப்பிக்கும் திகதியைக் குறைந்தது இரண்டு பேர் அறிந்திருக்க வேண்டும். தரவுத்தளத்தையும் சாவிகளையும் வேறோர் இடத்தில் காப்புப் பிரதியாக வையுங்கள். சாவிகள் இல்லாமல் அதே பெயரில் புதிதாக நிறுவினால், பழைய சாவிகளை நினைவில் வைத்திருக்கும் மற்றச் சேர்வர்கள் உங்களை நம்ப மறுக்கும். வரிசையின் நீளத்தை எல்லோரும் பார்க்கும் பக்கமொன்றில் காட்டுங்கள், "இப்போது இரண்டு மணிநேரத் தாமதம்" என்று பயனர்களுக்குச் சொல்லுங்கள்.

மூட வேண்டிய நிலை வந்தாலும் ஒரே நாளில் அணைத்துவிடக் கூடாது. மக்கள் தம் கணக்குகளை மாற்றிக்கொள்ளச் சில மாதங்கள் கொடுங்கள். அதன் பின்னர், கணக்குகள் நீக்கப்பட்டன என்ற செய்தியை எல்லாச் சேர்வர்களுக்கும் அனுப்பும் கட்டளை மாஸ்டொடனிலேயே இருக்கிறது. அதை இயக்கி, வரிசை காலியாகும் வரை காத்திருந்து, பிறகு அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்றச் சேர்வர்கள் இல்லாத முகவரியைப் பல நாட்களுக்குத் தட்டிக்கொண்டிருக்கும்.